கூடுவாஞ்சேரி டூ நுங்கம்பாக்கம்: ரயிலை விட்டு காரில் போன ஒன்றரை வருடம்

சென்னைக்கு வெளியே கூடுவாஞ்சேரியில் வீடு, நகருக்குள் நுங்கம்பாக்கத்தில் வேலை. ஏழு வருடமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். இதில் ஒன்றரை வருடம் ரயிலை விட்டுவிட்டு காரில் போனேன். அந்த ஒன்றரை வருடத்தில் கையை விட்டுப் போன பணம் ஏறத்தாழ 4 லட்சம். பணம் மட்டும் போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஊருக்கு வெளியே வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்களும், தினசரிப் பயணம் தாங்காமல் கார் வாங்கிவிடலாமா என்று யோசிப்பவர்களும் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை இதைப் படித்துவிடுங்கள். அப்போது எனக்கு இதைச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

2018 வரை கோடம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். என் அலுவலகத்துக்கு அங்கிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். கணவருக்கு மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, அவர்தான் தினமும் அல்லாடிக்கொண்டிருந்தார். சொந்த வீடு என்று பேச்சு வந்ததும் கோடம்பாக்கத்து விலையைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டோம். கூடுவாஞ்சேரியில் நெல்லிக்குப்பம் சாலைப் பக்கம் இரண்டு படுக்கையறை 31 லட்சத்துக்கு வந்தது. கணவருக்கு வேலை பக்கத்தில், மகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில், எனக்கு மட்டும்தான் தூரம். சரி, ரயில் இருக்கிறதே என்று நினைத்தேன். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை 1931லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்த பாதை அது, இன்றும் பெரியவர்கள் 'எலக்ட்ரிக் ட்ரெயின்' என்றுதான் சொல்வார்கள். அதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

விற்பவர்கள் எங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்குக் காரில் கூட்டிப் போய்க் காட்டினார்கள். "ஸ்டேஷன் பத்தே நிமிஷம் மேடம், அங்கிருந்து நுங்கம்பாக்கம் ஒரு மணி நேரம்" என்றார்கள். இரண்டுமே பொய் இல்லை. காலியான சாலையில், ஏசி காரில், ஞாயிற்றுக்கிழமை அது பத்து நிமிடம்தான். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு நுங்கம்பாக்கம் ஒரு மணி நேரம்தான். ஆனால் வாசலில் செருப்பு மாட்டுவதிலிருந்து அலுவலக நாற்காலியில் உட்காரும்வரை எனக்கு ஆனது இரண்டு மணி நேரம். அந்த மிச்ச ஐம்பது நிமிடம் எங்கே ஒளிந்திருந்தது என்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வீடு பிடித்திருந்தால் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். அங்கிருந்து உங்கள் அலுவலகம் வரை, நீங்கள் தினமும் எப்படிப் போவீர்களோ அப்படியே, பையும் சாப்பாட்டு டப்பாவும் எடுத்துக்கொண்டு ஒரு தடவை போய்விட்டு, சாயங்காலம் அதே வழியில் திரும்பி வாருங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, இருபது வருடக் கடனுக்கு அது பெரிய செலவு இல்லை.

அந்த ஐம்பது நிமிடத்தில் பாதி ஷேர் ஆட்டோவுக்குப் போனது. ஆள் சேராமல் வண்டி கிளம்பாது. பின்னால் முழுசாக நிரம்பி, ஓட்டுநருக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்த பிறகுதான் எடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் டீசல் காசு வரவேண்டும். ஆனால் மடியில் பையை வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு ஆள் வருவாரா என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த அந்த ஏழெட்டு நிமிடம் இருக்கிறதே, அதில் எனக்கு ஏறிய படபடப்பு ரயிலில் ஒரு மணி நேரம் நின்றபோதுகூட ஏறியதில்லை. சில நாள் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதி ஏறும்போதே கீழே வண்டி ஹாரன் அடித்துக் கிளம்பும். அழுகை முட்டிக்கொண்டு வரும். அடுத்த வண்டிக்கு 20 நிமிடம், அலுவலகத்தில் ரெட் மார்க், மூன்று ரெட் மார்க் சேர்ந்தால் அரை நாள் சம்பளம் போச்சு. முதல் வருடத்தில் மட்டும் இப்படி ஒன்பது அரை நாள் போனது.

ரயிலில் ஏறினால் முதல் நான்கு மாதம் நின்றுகொண்டேதான் போனேன். செங்கல்பட்டிலிருந்து வருகிற வண்டி கூடுவாஞ்சேரிக்கு வரும்போதே நிரம்பித்தான் வரும். பெண்கள் பெட்டியில் தினமும் பார்க்கும் ஒரு அக்கா, அரசு அலுவலகத்தில் வேலை, இருபது வருடமாக இதே பாதையில் போய் வருகிறவர், ஒரு நாள் என்னைப் பார்த்து, "ஏம்மா தினமும் நின்னுட்டே வர்ற? தாம்பரத்துல இறங்கி அங்கேயிருந்து கிளம்புற வண்டியில ஏறு. பத்து நிமிஷம் கூட ஆகும். ஆனா உக்காந்துட்டுப் போவல்ல?" என்றார். பத்து நிமிடம் கூடுதலா என்று தயங்கினேன். ஒரு வாரம் செய்து பார்த்த பிறகு விடவே இல்லை. தாம்பரத்தில் புறப்படும் வண்டியில் ஜன்னல் ஓரம் கிடைக்கும். அங்கிருந்து நுங்கம்பாக்கம் வரை சுமார் 40 நிமிடம் அது என் நேரம். பக்கத்தில் ஒரு நூலகம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது, உறுப்பினராகி மாதம் இரண்டு புத்தகம் படித்தேன். கோடம்பாக்கத்தில் கால் மணி நேரத்தில் வேலைக்குப் போன காலத்தில் வருடத்துக்கு இரண்டு புத்தகம்கூடப் படித்ததில்லை.

சாயங்காலம் திரும்பும்போது பல்லாவரம், குரோம்பேட்டை தாண்டினால் இடம் கிடைக்கும். எதிர் சீட்டில் ஒரு பெண் தினமும் மடியில் நியூஸ் பேப்பரை விரித்து முருங்கைக்கீரை ஆய்வார். இணுக்கை இரண்டு விரலால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, இலையெல்லாம் மஞ்சள் பைக்குள், காம்பு தனியாக ஒரு கவரில். ஒரு இலை கீழே சிந்தாது. வண்டலூர் வருவதற்குள் வேலை முடிந்து பேப்பரை மடித்து வைத்துவிடுவார். "வீட்டுக்குப் போனதும் அலசிப் போட்டா அஞ்சு நிமிஷத்துல பொரியல் ஆயிடும்" என்பார். அவரைப் பார்த்து நானும் அவரைக்காய்க்கு நார் எடுக்க ஆரம்பித்தேன். திருவண்ணாமலையில் இருக்கும் அம்மாவுக்கு போன் பண்ணுவதும் அப்போதுதான். பல்லாவரத்தில் ஆரம்பித்தால் வீட்டு ஸ்டேஷன் வரும்வரை பேசுவோம். அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கிறார், அந்த நேரத்துக்கு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

ஆனால் இதெல்லாம் நல்லது என்று அப்போது எனக்குப் புரியவில்லை என்பதுதான் வேதனை. தினமும் போக வர நான்கு மணி நேரம், மாதம் 22 நாள், விடுமுறையெல்லாம் கழித்து வருடத்துக்கு 11 மாதம் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 968 மணி நேரம் வந்தது. இருபத்துநான்கால் வகுத்தால் முழுசாக 40 நாள். வருடத்தில் 40 நாள் பகலும் இரவும் பயணத்திலேயே போகிறது என்று தெரிந்ததும் நெஞ்சு அடைத்துவிட்டது. கணவர் காலை ஷிப்ட் என்றால் நாலு மணிக்கு வீட்டில் இருப்பார். மகள் தன் கதையெல்லாம் அவரிடம் சொல்லி முடித்த பிறகு எட்டரைக்கு நான் போய் நிற்பேன். பொறாமையாக இருக்கும், அப்புறம் அப்படிப் பொறாமைப்பட்டதற்காகக் குற்ற உணர்வாக இருக்கும். அந்த நான்கு மணி நேரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'வீண்' என்று எழுதி வைத்துவிட்டேன். நான் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ரயில் நின்றது. செப்டம்பரில் அலுவலகம் கூப்பிட்டபோதும் எங்களைப் போன்றவர்களுக்கு ரயில் இல்லை. பஸ்ஸில் போகப் பயம். கணவரிடம் பேசி, நகைக்கடன் கொஞ்சம், சேமிப்பு கொஞ்சம் என்று சேர்த்து 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு ஒரு பழைய கார் வாங்கினோம். அந்த நேரத்துக்கு அது சரியான முடிவுதான், இப்போதும் அதில் வருத்தம் இல்லை. ரயில் திரும்ப ஓட ஆரம்பித்த பிறகும் காரை விடாமல் வைத்துக்கொண்டதுதான் என்னைச் சாய்த்தது. காரில் நல்ல நாளில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், ரயிலில் இரண்டு மணி நேரம். போக வர ஒரு மணி நேரம் மிச்சம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தாம்பரம் வழியாகச் சென்னைக்குள் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், கத்திப்பாரா என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒரு நாள் 75 நிமிடம், இன்னொரு நாள் மழை பெய்தால் இரண்டரை மணி நேரம். எந்த நாள் எப்படி என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் தினமும் மோசமான நாளுக்குத் தயாராகத்தான் கிளம்ப வேண்டியிருந்தது. அதாவது 75 நிமிடத்தில் போய்ச் சேர்ந்த நாளிலும் வீட்டிலிருந்து கிளம்பியது பழைய நேரத்துக்கே. மிச்சம் பிடித்ததாக நான் நினைத்த நேரம், அலுவலக வாசலில் காருக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமாக மாறிப்போனது. சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று மட்டும் பார்த்து வண்டி வாங்காதீர்கள். பத்து நாள் குறித்து வையுங்கள், அதில் மிக மோசமான இரண்டு நாள் எவ்வளவு என்று பாருங்கள். நீங்கள் தினமும் ஒதுக்கப்போவது அந்த நேரத்தைத்தான்.

செலவுக்கு வருகிறேன். போக வர 70 கிலோமீட்டருக்கு மேல். 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. பெட்ரோலுக்கு மட்டும் மாதம் 11,000, பார்க்கிங் 1,500, சர்வீஸ், இன்ஷூரன்ஸ், டயர், ஒரு தடவை குரோம்பேட்டை சிக்னலில் பின்னால் வந்த வண்டி இடித்தது எல்லாவற்றையும் மாதக்கணக்காகப் பிரித்தால் இன்னொரு 2,500. ஆக 15,000. ரயிலில் போனபோது சீசன் டிக்கெட், ஷேர் ஆட்டோ இரண்டும் சேர்ந்தே மாதம் 1,300க்குள் முடிந்துவிடும். உடம்பும் கெட்டது. கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்காலும் இடுப்பும் பிடித்துக்கொண்டன, பிசியோதெரபிக்கு 9,000 ஆனது. வீட்டுக்கு வந்ததும் எதையாவது சாக்கு வைத்து மகளைத் திட்டுவேன். ஒரு நாள் அவள் கணவரிடம், "அம்மா வந்தவுடனே ஹோம்வர்க் காட்ட வேண்டாம்ப்பா, சாப்பிட்டதும் காட்டலாம்" என்று ரகசியமாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

அம்மா குறை சொல்லத் தெரியாதவர். 2022 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலேயே, "நீ கார் வாங்கினதுலேருந்து நமக்குப் பேச்சே இல்லாமப் போச்சும்மா" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் பேசுவதோடு சரி, அது உண்மைதான். கார் ஓட்டிக்கொண்டு பேச முடியாது, வீட்டுக்கு வந்தால் பேசத் தெம்பு இருக்காது. ஒன்றரை வருடமாக அந்தச் சாயங்கால நேரத்தில் அம்மா போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார் என்று நினைத்தபோது, சமையலறையிலிருந்து எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று மதியம் சித்தி பையன் வந்திருந்தான். போக்குவரத்துப் பொறியியலில் மேற்படிப்பு படிக்கிறான். அவனிடம் என் 968 மணி நேரக் கணக்கைச் சொன்னேன். "அக்கா, எல்லா நிமிஷமும் ஒண்ணு இல்ல. நாங்க கணக்கு போடும்போதே காத்திருக்கிற ஒரு நிமிஷத்த வண்டிக்குள்ள இருக்கிற ரெண்டு நிமிஷத்துக்குச் சமமா வெப்போம், சில சமயம் அதுக்கும் மேல" என்றான். ஷேர் ஆட்டோவில் நான் உட்கார்ந்திருந்த அந்த எட்டு நிமிடம் எனக்கு ஏன் அப்படிக் கனத்தது என்பது அந்த இடத்தில்தான் விளங்கியது. அவன் இன்னும் இரண்டு ஆய்வுகளைச் சொன்னான். டேனியல் கானெமன் என்ற உளவியலாளரின் குழு, டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தின நாளை ஒவ்வொரு பகுதியாக நினைத்துப் பார்த்து அந்தந்த நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார்களாம். 2004-ல் வெளிவந்த அந்த முடிவில் வேலைக்குப் போய் வரும் பயண நேரம்தான் மனநிலையில் கடைசி இடத்தில். அதே சமயம், சான்பிரான்சிஸ்கோ பகுதி மக்களிடம் வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆனால் உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டபோது அவர்கள் பூஜ்யம் என்று சொல்லவில்லை, சராசரியாக 16 நிமிடம் வேண்டும் என்றார்களாம். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே மனிதர்களுக்கு ஒரு இடைவெளி தேவைப்படுகிறது. எனக்கு அந்த இடைவெளி ஜன்னலோர சீட்டில் இருந்தது, அதைத்தான் விற்றுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் அவனே என் சம்பளத்தைக் கேட்டான். அப்போது 38,000. மாத வேலை நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 180 ரூபாய். கார் எனக்கு உண்மையிலேயே ஒரு மணி நேரம் மிச்சப்படுத்தியது என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 180 ரூபாய்தான் லாபம். அதற்கு நான் கொடுத்துக்கொண்டிருந்தது நாளைக்கு 680 ரூபாய். நேரத்துக்குச் சம்பளத்தை வைத்து விலை போடுவது முழுச் சரி இல்லை, மகளோடு இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு 180 ரூபாய் என்று எப்படி எழுதுவது? ஆனாலும் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். வண்டி வாங்குவதற்கு முன்னாலேயே போடுங்கள். நான் ஒன்றரை வருடம் கழித்துப் போட்டேன்.

காரை 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கு விற்றோம். அதில் 1 லட்சத்து 20 ஆயிரம் நஷ்டம், ஓட்டிய செலவு, வைத்தியச் செலவு எல்லாம் சேர்த்துத்தான் ஆரம்பத்தில் சொன்ன 4 லட்சம்.

ரயிலுக்குத் திரும்பியபோது பழையபடி போகவில்லை. எந்த நிமிடம் என்னைக் கொல்கிறது என்று இந்தத் தடவை தெரியும், அதனால் அதை மட்டும் குறி வைத்தேன். முதலில் ஷேர் ஆட்டோ. பழைய ஸ்கூட்டர் ஒன்றை 28,000க்கு வாங்கி ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டில் மாதப் பாஸ் போட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் ஸ்டேஷன், எத்தனை மணிக்குக் கிளம்பினால் எந்த வண்டி கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். காருக்குப் போட்ட பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை, கார் கொடுக்காத நிம்மதியை இது கொடுத்தது. மழைக்காலத்தில் ஸ்டாண்டில் கூரை இருக்கும் பக்கமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சீட்டு நனைந்தால் அன்றைக்கு முழுக்க அவஸ்தை.

இரண்டாவது, அலுவலக நேரம். மேனேஜரிடம் போய்க் கேட்க நான்கு வருடம் பயந்துகொண்டிருந்தேன். பயந்து பயந்து கேட்டபோது அவர் இரண்டே நிமிடத்தில் சம்மதித்தார், காலை ஒன்பதரைக்குப் பதில் பத்தரை, சாயங்காலம் ஒரு மணி நேரம் தள்ளி. நெரிசல் நேரம் தாண்டிவிடுகிறது, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டே கிளம்புகிறேன். ரெட் மார்க் வாங்கி வாங்கி நான் இழந்த அரை நாள் சம்பளங்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கேட்டுப் பாருங்கள், அதிகபட்சம் முடியாது என்பார்கள். கேட்கும்போது "எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள், எந்த வண்டி, எத்தனை மணி, எந்த வேலை எப்போது முடியும் என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

2025 ஏப்ரலில் இந்தப் பாதையில் ஏசி மின்சார ரயில் விட்டார்கள். குறைந்தபட்ச டிக்கெட் 35 ரூபாய், பீச்சிலிருந்து செங்கல்பட்டு வரை 105. தினமும் அதில் போக எனக்குக் கட்டாது. உடம்பு முடியாத நாளில், மே மாத வெயிலில், காசைப் பார்க்காமல் ஏறிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை எங்காவது போவதாக இருந்தால் மட்டும் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள், பராமரிப்பு வேலை என்று வண்டிகளைக் குறைப்பதும் ரத்து செய்வதும் உண்டு. பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் பெருங்களத்தூர் பக்கம் சாலையில் போக நேர்ந்தால் எந்தக் கணக்கும் உதவாது. அதே சாலையில் கிளாம்பாக்கம் வெளியூர்ப் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து அந்த நாட்களில் நான் ஜி.எஸ்.டி. பக்கம் தலைவைப்பதே இல்லை.

இப்போதும் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. முன்பு ஆனதற்குக் கால் மணி நேரம்தான் குறைவு. தூரம் தூரம்தான், உடம்பு அசந்துதான் போகிறது, வேலை பக்கத்தில் கிடைத்தால் மாறிவிடுவேன். முருங்கைக்கீரை ஆய்கிற பெண்ணை மறுபடி பார்த்தேன், "எங்கம்மா போயிட்டே இத்தன நாளா" என்று கேட்டுவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

பல்லாவரம் தாண்டியதும் அம்மாவுக்கு போன் போகிறது. திருவண்ணாமலையில் இருந்துகொண்டே அம்மாவுக்கு ஸ்டேஷன் வரிசையெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. பேசிக்கொண்டே இருக்கும்போது பின்னால் அறிவிப்பு கேட்டால் போதும், "ஊரப்பாக்கம் வந்துடுச்சா? சரி வெச்சிடு, பையை எடுத்துக்கோ, அடுத்தது உன் ஸ்டேஷன்" என்பார்.